செயற்கைக்கோள் புயலைப் பார்த்துவிடுகிறது... எச்சரிக்கை படகு வரைக்கும் போகுதா? - முழு விளக்கம்

2017 நவம்பர் 30, காலை 8.30 மணி. குமரிக்கடல் பகுதியில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 'ஒக்கி' புயலாக மாறியது. முந்தின நாள் காலையில்தான் அது இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக உருவாகியிருந்தது. ஒரே நாள் இடைவெளியில் புயல்!

மேலே இருந்த வானிலை செயற்கைக்கோள்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மாதிரியான ஊர்களிலிருந்து பல நாட்களுக்கு முன்பே கிளம்பிப் போய், நடுக்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மீனவர்களுக்கு அது தெரியாது. அவர்களிடம் இருந்த வயர்லெஸ் கருவி சில பத்து கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் எடுக்கும். அவர்களோ கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள்.

தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். பல வீடுகளுக்கு உடல்கூட வரவில்லை.

36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்க்க முடிந்த புயலை, அது வீசப்போகும் இடத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல முடியவில்லை. பேரிடர் தயார்நிலையில் செயற்கைக்கோள்களின் பலம் என்ன, பலவீனம் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒக்கிக்குப் பிறகு என்னென்ன மாறியிருக்கு? இன்னும் எங்கே ஓட்டை இருக்கு? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மேலே சுற்றுவது எல்லாம் ஒரே வகையா?

இல்லை. 'செயற்கைக்கோள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பேரிடர் நேரத்தில் நாலு வகையான செயற்கைக்கோள்கள் நாலு விதமான வேலை செய்கின்றன.

முதலாவது, வானிலை செயற்கைக்கோள்கள். டிவியில் மேகக்கூட்டம் சுழலும் படம் காட்டுவோமே, அது இவை அனுப்புவதுதான். 2016-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் ஆகியவை இந்த வகை. பூமி சுழலும் அதே வேகத்தில் இவையும் சுற்றுவதால், இந்தியப் பெருங்கடலையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு செயற்கைக்கோள் அரை மணி நேரத்துக்கு ஒரு படம் எடுக்கும். இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி எடுத்தால் சுமார் 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, கடல் காற்றை அளப்பவை. கடல்மேல் காற்று பலமாக வீசினால் தண்ணீர்ப் பரப்பு சொரசொரப்பாகும். செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலை அந்தப் பரப்பில் பட்டுத் திரும்பி வரும் விதத்தை வைத்து, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிடுவார்கள். 2022 நவம்பரில் ஏவப்பட்ட இஓஎஸ்-06 இந்த வேலையைச் செய்கிறது. நடுக்கடலில் காற்றை அளக்க ஆள் போக முடியாது என்பதால், புயலின் பலத்தைக் கணிக்க இது ரொம்ப முக்கியம்.

மூன்றாவது, நிலத்தைப் படம் எடுப்பவை. இதிலும் இரண்டு ரகம். கார்ட்டோசாட் மாதிரியானவை நம் கேமரா போல ஒளியை வைத்துப் படம் எடுக்கும். மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ரேடார் வகையான இஓஎஸ்-04 மாதிரியானவை ரேடியோ அலைகளை அனுப்பிப் படம் எடுக்கும். மேகம், இருட்டு எதுவும் தடையில்லை. வெள்ள நேரத்தில் வானம் எப்படி இருக்கும் என்று நமக்கே தெரியும். அதனால் வெள்ளத்துக்கு ரேடார்தான் கைகொடுக்கும்.

நான்காவது, தகவல் தொடர்புக்கும் இருப்பிடம் காட்டவும் பயன்படுபவை. ஜிசாட், நாவிக் வரிசை செயற்கைக்கோள்கள் இதில் அடங்கும். முதல் மூன்று வகையும் பார்ப்பதற்கு. இந்த நான்காவது வகை சொல்வதற்கு.

ஒக்கியில் தோற்றது எது? பார்ப்பது இல்லை. சொல்வதுதான்.

1999-லும் செயற்கைக்கோள் இருந்ததே?

நல்ல கேள்வி. ஒடிசாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

1999 அக்டோபர் 29-ல் ஒடிசாவைச் சூப்பர் புயல் தாக்கியது. கிட்டத்தட்ட 10,000 பேர் உயிரிழந்தார்கள். அப்போதும் இந்தியாவிடம் இன்சாட் செயற்கைக்கோள்கள் இருந்தன. புயல் வருவது தெரிந்தே இருந்தது. ஆனால் லட்சக்கணக்கான மக்களை எங்கே கூட்டிப் போவது, எதில் கூட்டிப் போவது, யார் போய் வீடு வீடாகச் சொல்வது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை.

14 வருடம் கழித்து, 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. இந்த முறை கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். உயிரிழப்பு பத்துக் கணக்கில் நின்றது. 2019 மே 3-ல் ஃபானி புயல் பூரியைத் தாக்கியபோது சுமார் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு 64.

நடுவில் என்ன நடந்தது? செயற்கைக்கோள்கள் நவீனமாகின, கணிப்பும் துல்லியமானது. அது ஒரு பாதி. இன்னொரு பாதி தரையில் நடந்தது. கடலோரத்தில் 800-க்கும் மேற்பட்ட புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டினார்கள். கடற்கரை நெடுக சைரன் கோபுரங்கள் வைத்தார்கள். கிராமத்துக்குக் கிராமம் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வருடா வருடம் ஒத்திகை நடத்தினார்கள். ஃபானி வந்தபோது யார் எந்தத் தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், எந்தப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதுவரை தெரிந்திருந்தது.

விண்வெளியில் எடுத்த படம், கடைசியில் ஒரு தன்னார்வலர் கதவைத் தட்டுவதில் போய் முடிந்தால்தான் உயிர் பிழைக்கும். ஒடிசா கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

கடலில் இருப்பவர் கதவை யார் தட்டுவது?

தரையில் இருப்பவருக்குச் சொல்ல ஆள் போகலாம், மைக் கட்டலாம், சைரன் ஊதலாம். நடுக்கடலில்? அங்கே செல்போன் சிக்னல் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே போய்விடும். ஆக, வானத்திலிருந்துதான் சொல்ல வேண்டும். ஒக்கிக்குப் பிறகு இந்த விஷயத்தில்தான் வேகம் பிடித்தது. இப்போது மூன்று விதமான கருவிகள் இருக்கின்றன.

*ஜெமினி:* ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸும், இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து 2019-ல் அறிமுகப்படுத்திய கருவி. விமானங்களுக்கு வழிகாட்டும் 'ககன்' சேவையின் செயற்கைக்கோள்கள் வழியாகப் புயல், பேரலை எச்சரிக்கையும், மீன் எங்கே கிடைக்கும் என்ற தகவலும் வரும். மீனவர் தன் செல்போனை இந்தக் கருவியோடு ப்ளூடூத் மூலம் இணைத்து, தன் மொழியிலேயே படித்துக்கொள்ளலாம். ஆனால் இது ஒருவழிப் பாதை. செய்தி வரும், இங்கிருந்து போகாது. 'நான் மாட்டிக்கிட்டேன்' என்று இதில் சொல்ல முடியாது.

*டிஏடி எனப்படும் அபாய அறிவிப்புக் கருவி:* இது ஜெமினிக்கு நேர் எதிர். இஸ்ரோ உருவாக்கி, 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. படகு மூழ்குகிறது, தீப்பிடித்துவிட்டது, மருத்துவ உதவி வேண்டும் என்றால் பட்டனை அழுத்த வேண்டியதுதான். படகு இருக்கும் இடத்தோடு தகவல் செயற்கைக்கோள் வழியாகப் பெங்களூருவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகும். அங்கிருந்து கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். பழைய கருவியில் ஒரு குறை: பட்டனை அழுத்தியவருக்கு, தன் குரல் யாருக்காவது கேட்டதா இல்லையா என்றே தெரியாது. நடுக்கடலில், இருட்டில், தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் படகில் நின்று அதை யோசிச்சுப் பாருங்க. 2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறைக் கருவியில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். 'உங்கள் தகவல் கிடைத்தது' என்று பதில் வரும். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து புயல், சுனாமி எச்சரிக்கையையும் இதற்கே அனுப்பலாம்.

*டிரான்ஸ்பாண்டர்:* மீன்பிடிப் படகில் பொருத்தும் இருவழிக் கருவி. சுமார் 1 லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ல் மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். 'நப்மித்ரா' என்ற செயலியோடு சேர்ந்து இது வேலை செய்யும். குறுஞ்செய்தி அனுப்பலாம், பெறலாம். படகு எங்கே இருக்கிறது என்று கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

முடியவில்லை. மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கருவி படகில் இருந்தால் மட்டும் போதாது. அது 'ஆன்' ஆகி இருக்க வேண்டும், பேட்டரியில் சார்ஜ் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்தவர் படகில் இருக்க வேண்டும். உரிமையாளருக்கு மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு, கடலுக்குப் போகும் தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்காமல் விட்டால் என்ன பயன்?

இரண்டு, எச்சரிக்கை வந்தாலும் திரும்பிவர நேரம் வேண்டும். விசைப்படகு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் கரை சேர 40 மணி நேரம் ஆகும். ஒக்கி மாதிரி ஒரே நாளில் புயலாக மாறினால்? அந்த நிலையில் 'கரைக்கு வா' என்பதைவிட 'இந்தத் திசையில் விலகிப் போ' என்ற தகவல்தான் உயிரைக் காக்கும். அந்த அளவுக்கு விவரமான செய்தி, மீனவருக்குப் புரிகிற மொழியில், அவர் இருக்கும் இடத்துக்கு ஏற்ற மாதிரி போக வேண்டும்.

மூன்று, செயற்கைக்கோள்களே பழுதாகலாம். இந்தியாவின் சொந்த இருப்பிடம் காட்டும் அமைப்பான நாவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஏவிய 11 செயற்கைக்கோள்களில் 4 மட்டுமே இருப்பிடச் சேவைக்குப் பயன்படுகின்றன, இன்னும் 4 ஒருவழிச் செய்தி அனுப்ப மட்டும் பயன்படுகின்றன என்று 2025 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 ஜனவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதலாகப் போன என்விஎஸ்-02, திட்டமிட்ட சுற்றுப்பாதையை எட்ட முடியவில்லை. மே 18-ல் ரேடார் செயற்கைக்கோளான இஓஎஸ்-09-ஐச் சுமந்து சென்ற பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாவது கட்டத்தில் கோளாறு ஏற்பட்டு, செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. ராக்கெட் தோல்வி என்பது அன்றைக்கு ஒரு நாள் செய்தியோடு முடிவதில்லை. அடுத்த வெள்ளத்தின்போது ஒரு கண் குறைவாக இருக்கும் என்பதும் அதில் அடக்கம்.

தரையில் இருக்கும் நமக்கு எப்படித் தகவல் வரும்?

2023-ல் உங்கள் செல்போன் திடீரென அலறியது நினைவிருக்கா? வித்தியாசமான சத்தம், அதிர்வு, திரையில் 'இது சோதனைச் செய்தி' என்ற அறிவிப்பு. பல பேர் பயந்தே போய்விட்டார்கள். அதற்குப் பெயர் செல் பிராட்காஸ்ட்.

இது சாதாரண எஸ்எம்எஸ் மாதிரி ஒவ்வொரு எண்ணாகப் போகாது. ஒரு செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் போகும். யாருடைய நம்பரும் தேவையில்லை, இன்டர்நெட்டும் வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் போன் பேசி நெட்வொர்க் திணறினாலும் இது வந்து சேரும்.

செயற்கைக்கோளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? செயற்கைக்கோள் தகவலை வைத்து வானிலை மையமும் இன்காய்ஸும் எச்சரிக்கை தயாரிக்கும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' தளம் வழியாக அது குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் அனுப்பப்படும். வானத்தில் தொடங்கும் சங்கிலி, உங்கள் சட்டைப் பாக்கெட்டில் வந்து முடியும்.

சங்கிலியில் பலவீனமான கண்ணி எது? செல்போன் கோபுரம்தான். கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியும் இல்லையென்றால் கோபுரம் வெறும் கம்பிதான்.

2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களில் அதுதான் நடந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! தாமிரபரணி பொங்கியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டார்கள். பல ஊர்களில் போன் வேலை செய்யவில்லை. உள்ளே இருப்பவர் நிலைமை வெளியே இருக்கும் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் கலெக்டர் ஆபீசிலும் தாலுகா ஆபீசிலும் செயற்கைக்கோள் போன் தயாராக இருப்பதும், அதை இயக்கத் தெரிந்த ஆள் பணியில் இருப்பதும் எவ்வளவு அவசியம் என்று சொல்லவே வேண்டாம்.

நாமே ஒரு சாட்டிலைட் போன் வாங்கி வச்சுக்கலாமா?

அவசரப்படாதீங்க. இந்தியாவில் அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் போன்ற செயற்கைக்கோள் போன்களை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். வெளிநாட்டிலிருந்து வரும்போது தெரியாமல் கொண்டுவந்தவர்களே விமான நிலையத்தில் சிக்கியிருக்கிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு பிஎஸ்என்எல் வழங்கும் சேவைதான் சட்டப்படி சரியான வழி. புதிய ரக செல்போன்களில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதி சில நாடுகளில் வந்துவிட்டது. நம் ஊரில் அது எல்லோர் கைக்கும் வரும்வரை, பேரிடர் நேரத்துக்கு ரேடியோவும் சார்ஜ் உள்ள பவர் பேங்கும்தான் துணை.

வயநாடு சொன்ன பாடம் என்ன?

2024 ஜூலை 30 அதிகாலை. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை பகுதிகளில் பயங்கர நிலச்சரிவு. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

இஸ்ரோவின் தேசிய தொலையுணர்வு மையம், மறுநாளே எடுக்கப்பட்ட கார்ட்டோசாட்-3, ரிசாட் படங்களை வெளியிட்டது. மலையில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் நிலம் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த பரப்பு சுமார் 86,000 சதுர மீட்டர். மண்ணும் பாறையும் ஆற்றோடு சேர்ந்து சுமார் 8 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எங்கே வீடுகள் இருந்தன, எங்கே பாலம் இருந்தது, எங்கே தேட வேண்டும் என்று மீட்புப் படைக்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அந்த வகையில் பெரிய உதவி.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு தகவலும் இருந்தது. அதே இடத்தில் ஏற்கெனவே ஒரு பழைய நிலச்சரிவு நடந்ததற்கான அடையாளம்! அதுமட்டுமல்ல. 2023-ல் இதே மையம் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில், நாட்டில் நிலச்சரிவு அபாயம் உள்ள 147 மாவட்டங்களில் வயநாடு 13-வது இடத்தில் இருந்தது.

அதாவது, மலை ஏற்கெனவே சொல்லிவிட்டது. செயற்கைக்கோள் அதைப் பதிவும் செய்துவிட்டது. அந்தப் பதிவு, 'இந்தச் சரிவில் குடியிருப்பு வேண்டாம், இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் அன்றிரவே வெளியேறு' என்ற உத்தரவாக மாறவில்லை. வரைபடம் அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்தது. மக்கள் மலையடிவாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் மலைச்சரிவுகளில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

உலக நாடுகள் உதவுமா?

உதவும். பெரிய பேரிடர் நடந்தால் நாடுகள் தங்கள் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகப் பகிர்ந்துகொள்ள ஒரு சர்வதேச உடன்பாடு இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையும் பிரான்ஸும் முன்னெடுத்த இந்த ஏற்பாட்டில் இஸ்ரோ 2001-ல் சேர்ந்தது. நம் செயற்கைக்கோள் அந்த நேரம் வேறு பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாலும், வேறு நாட்டுச் செயற்கைக்கோள் எடுத்த படம் நமக்குக் கிடைக்கும். நம்முடையது அவர்களுக்கும் போகும்.

இந்த வரிசையில் புதுசு, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனாவோடு, பூமியின் நிலப்பரப்பை 12 நாட்களில் இரண்டு முறை ரேடார் மூலம் படம் எடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டது. நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தால்கூடக் கண்டுபிடிக்கும். மெல்ல மெல்ல நழுவும் மலை, கீழே இறங்கும் நகரம், அசையும் அணைக்கரை எல்லாம் இதற்குத் தெரியும்.

ஆனால் ஒன்று. இது தொடர்ந்து பார்த்து, மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் செயற்கைக்கோள். இன்றிரவு எந்த மலை சரியும் என்று சொல்லும் கருவி இல்லை. நிலநடுக்கம் எப்போது வரும் என்றும் சொல்லாது.

செயற்கைக்கோளால் முடியாதது என்ன?

மேகத்தின் உச்சியைப் பார்க்கும் செயற்கைக்கோளால், அந்த மேகம் உங்கள் தெருவில் எத்தனை சென்டிமீட்டர் மழையைக் கொட்டும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதற்குத் தரையில் டாப்ளர் ரேடார் வேண்டும், ஊருக்கு ஊர் மழைமானி வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. புயல் எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைக் கணிப்பதுதான் சவால்.

சுனாமி விஷயமும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26-ல் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேரைக் கடல் கொண்டுபோனது. அதன்பிறகு 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. இதில் சுனாமியை உணர்வது செயற்கைக்கோள் இல்லை. கடலடியில் வைத்திருக்கும் அழுத்தமானி. அது மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும், மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும், செயற்கைக்கோள் ஹைதராபாத்துக்குச் சொல்லும். மிதவை பழுதானால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். அதனால் புதுசா ஏவுவது எவ்வளவு முக்கியமோ, இருப்பதைப் பராமரிப்பதும் அவ்வளவு முக்கியம்.

குடிமைப் பாதுகாப்பு என்பது போருக்கு மட்டும்தானா?

2025 மே 7-ல் நாடு முழுக்கக் குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தபோது சைரன், விளக்கணைப்பு என்றுதான் பேசினோம். 1968-ல் வந்த குடிமைப் பாதுகாப்புச் சட்டம் போர்க்காலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான். ஆனால் 2009-ல் செய்த திருத்தத்தின் மூலம் பேரிடர் மேலாண்மையும் அதற்குள் வந்துவிட்டது. வான்வழித் தாக்குதலுக்கு ஊதும் அதே சைரன், வெள்ளத்துக்கும் ஊதலாம். அதே தன்னார்வலர் புயலுக்கும் கதவைத் தட்டலாம். ஒடிசா செய்தது அதைத்தான். ஒத்திகையை வருடத்துக்கு ஒருமுறை போட்டோவுக்காக நடத்தாமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கடலோர ஊர்களிலும் மலை ஊர்களிலும் நடத்தினால் அதுவே பெரிய பாதுகாப்பு.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியவை

• செல்போன் செட்டிங்ஸில் அவசர எச்சரிக்கை ஆன் ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் தொந்தரவு என்று அணைத்து வைத்திருந்தால், இன்றே ஆன் செய்யுங்கள்.

• சசேத், டிஎன்-அலர்ட் செயலிகளில் ஒன்றையாவது இறக்கி, உங்கள் மாவட்டத்தைத் தேர்வு செய்து வையுங்கள்.

• வானிலை மையத்தின் நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை என்றால் பயமில்லை, மஞ்சள் என்றால் கவனம், ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே செயல்படு.

• இந்த எண்களைப் போனில் மட்டுமல்ல, சுவரிலும் எழுதி வையுங்கள்: அவசர உதவிக்கு 112, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கடலோரக் காவல் படை 1554.

• வாட்ஸ்அப்பில் வரும் 'செயற்கைக்கோள் படம்' எல்லாம் உண்மை இல்லை. பழைய புயலின் படம் புதிய தேதியோடு சுற்றும். வானிலை மையத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

• உங்கள் வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர் என்றால், கிளம்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: 'கருவியில் சார்ஜ் இருக்கா? படகில் வேறு யாருக்கு அதை இயக்கத் தெரியும்?'

கடைசியாக...

ஒக்கி நேரத்தில் விண்வெளியில் நமக்குக் கண் இல்லாமல் இல்லை. இன்றைக்கு அந்தக் கண் இன்னும் கூர்மையாகியிருக்கிறது. அடுத்த அக்டோபரில் வங்கக் கடலில் ஒரு சுழல் உருவானால், சில நிமிடங்களில் அது திரையில் தெரியும். நம் டிவியிலும் வரும்.

அப்போது கேட்க வேண்டியது 'புயல் எங்கே இருக்கு?' என்று மட்டும் இல்லை. 'கடலில் இப்போ எத்தனை படகு இருக்கு? அதில் எத்தனை படகுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது? எத்தனை படகு பதில் சொல்லிச்சு?' என்பதுதான் கேள்வி. மாவட்ட நிர்வாகமும் மீன்வளத் துறையும் இந்த மூன்றுக்கும் எண்ணிக்கையோடு பதில் சொல்லும் நாள் வந்தால்தான், ஒக்கியில் போன உயிர்களிடமிருந்து நாம் எதையோ கற்றுக்கொண்டோம் என்று அர்த்தம்.